பன்னிரண்டு ஸ்டீயரிங்கும் ஒரு நட்டும்

என் தங்கைக்கு நான் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. சின்ன வயதில் வைத்ததல்ல. அவளுக்குக் கல்யாணமாகி, அவளும் நாலு காசு சம்பாதித்து, அண்ணனைக் குறை சொல்லும் தகுதியெல்லாம் வந்து சேர்ந்த பிறகு வைத்தது. அவள் வீட்டுக்குள் காலை வைத்தால் போதும், "அண்ணா, உன் சட்டையில மூணாவது பட்டன் வேற நூல்ல தைச்சிருக்கு" என்பாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சொல்வாள். பார்த்ததைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருக்க அவளால் முடியாது. அந்தக் குணத்தை வைத்துத்தான் அவள் பிழைத்தாள். நான் அதற்குக் கொஞ்சம் மரியாதை கொடுத்திருந்தால் இன்று இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

அவள் செய்வது பொம்மைக் கார்களுக்கு ஸ்டீயரிங். பொம்மை என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது, மாதிரி என்று சொல்ல வேண்டும். பந்தயக் கார்களை அச்சு அசலாகச் சின்னதாகச் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளும் பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கார் செய்து கொடுக்கும் கடைக்காரர் ஒருவர். உடம்பு ஒரு இடத்தில், சக்கரம் ஒரு இடத்தில், இருக்கை ஒரு இடத்தில் என்று செய்ய வைத்து வாங்கி, கடைசியில் அவரே பொருத்துவார். ஸ்டீயரிங் மட்டும் என் தங்கை. நிஜத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. சட்டைப் பித்தானைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதற்குள் வளையம், மூன்று கம்பிகள், கம்பிகளில் துளைகள், நடுவில் நட்டு, வளையத்தின் மேல் தோல், தோலில் தையல் எல்லாம் இருக்கும்.

அதற்கு முன்னால் அவள் பல் செட் செய்யும் கூடத்தில் எட்டு வருஷம் வேலை பார்த்தாள். எங்கள் பேட்டையில் பாதிப் பேருடைய சிரிப்பு அவள் கையால் செய்ததுதான் என்று நான் கேலி செய்வதுண்டு. அங்கே ஒரு பாடம் படித்தாள். பல்லை வரிசையாக, பளிச்சென்று, ஒரே அளவில் செய்தால் பார்க்கிறவன் உடனே பொய்ப் பல் என்று கண்டுபிடித்துவிடுவானாம். ஒரு பல் லேசாகக் கோணியிருக்க வேண்டும், ஒன்றில் கறை இருக்க வேண்டும். அதனால் எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதன் குறையைத்தான் முதலில் பார்ப்பாள். பல் கட்டிக்கொள்ள வந்த இந்தக் கடைக்காரர் கண்ணாடி பார்த்துவிட்டு, "இது யார் செஞ்சது?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியில் அவள் தொழில் மாறியது.

அவளுடைய மேஜை மாடியறையில் ஜன்னலை ஒட்டி இருக்கும். மேஜையின் விளிம்பில் சுற்றிலும் அட்டை ஒட்டி வேலி கட்டியிருப்பாள். ஒரு நட்டு உருண்டு கீழே விழுந்தால் அன்று முழுக்கத் தரையில் தவழ வேண்டியதுதான். மின்விசிறி போட விடமாட்டாள். தும்மல் வந்தால் எழுந்து வெளியே போய்த் தும்முவாள். பித்தளைக் கம்பியை ஒரு குழாயில் சுற்றி வளைத்து, வெட்டி, பற்றவைத்து வளையம் செய்வாள். பழைய கையுறையின் தோலைப் பிளேடால் சீவிச் சீவி வெங்காயத்தின் உள்தோல் மாதிரி ஆக்கி அதன்மேல் ஒட்டுவாள். நடுவிலுள்ள நட்டு ஒரு கடுகு. அந்தக் கடுகுக்கு ஆறு பக்கம் வேண்டும் என்று ராவிக்கொண்டிருப்பாள். யாரோ ஒரு சீமான் பூதக்கண்ணாடி வைத்து எண்ணிப் பார்ப்பானாம்.

எல்லாம் போட்டோவைப் பார்த்துத்தான். போட்டோவைப் பெரிதாக அச்சுப் போட்டு மேஜைக்கு எதிரே சுவரில் ஒட்டிவிடுவாள். அதில் என்ன இருக்கிறதோ அது. ஒரு திருகாணி தேய்ந்திருந்தால் அவள் செய்வதிலும் தேய்ந்திருக்கும். "ஏன், நல்லதாவே செஞ்சு கொடுத்தா என்ன? வாங்கறவனா வந்து கேக்கப் போறான்?" என்று ஒருமுறை கேட்டேன். "சரி பண்ண நான் யாரு? எனக்கு இருக்கறதைக் காட்டத்தான் தெரியும்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது.

நான் நிஜக் கார் மெக்கானிக். பந்தயக் கார். பெரிதாக எதையும் நினைத்துவிடாதீர்கள். எங்கள் முதலாளியிடம் ஒற்றை இருக்கை வண்டி ஒன்று இருந்தது, முப்பது வருஷப் பழசு. ஊருக்கு வெளியே இருந்த ஓட்டப் பாதையில் மாதம் ஓரிரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் காலத்து வண்டிகளுக்கென்று பந்தயம் நடக்கும். முதலாளி ஓட்டமாட்டார், வயிறு உள்ளே போகாது. ஓட்டுவது என் தங்கையின் புருஷன். மாப்பிள்ளை மற்ற நாளில் டயர் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பேசிப் பேசி டயர் விற்பவர். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்குள் இறங்கிவிட்டால் ஒரு வார்த்தை பேசமாட்டார். அவரை அந்த வண்டியில் உட்கார வைத்ததே நான்தான். தங்கை ஒருநாளும் பந்தயம் பார்க்க வந்ததில்லை. பார்த்தால் எல்லாவற்றையும் பார்ப்பேன், அப்புறம் தூக்கம் வராது என்பாள்.

மஞ்சள் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முக்கியமான நட்டு எதையும் முடுக்கி முடித்த கையோடு அதன் குறுக்கே மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுப்போம். நட்டின் மேல் பாதிக் கோடு, அது இறுகியிருக்கும் தண்டின் மேல் மீதிக் கோடு. இரண்டும் நூல் பிடித்த மாதிரி ஒரே நேராக இருந்தால் நட்டு அசையவில்லை. விலகியிருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது. ஓடுகிற வண்டியில் எந்த நட்டும் ஒருநாள் தளரும், அதில் யாருக்கும் அவமானம் இல்லை. அதைக் காட்டிக்கொடுக்கத்தான் கோடு. அந்த வண்டியில் ஸ்டீயரிங்கைத் தண்டோடு பிடித்துவைப்பது நடுவில் இருக்கும் ஒரே ஒரு நட்டு. அது கழன்றால் ஸ்டீயரிங் கையோடு வந்துவிடும். மாப்பிள்ளை உயிர் அந்த நட்டில் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை. அதற்குக் கோடு போடுவது என் வேலை, வேறு யாரும் தொடக்கூடாது.

அந்த வருஷம் முதலாளிக்கு ஒரு ஆசை வந்தது. வண்டிக்கு முப்பது வயது ஆகிறது, அதைச் சின்னதாகப் பன்னிரண்டு செய்து கூட்டாளிகளுக்குக் கொடுக்க வேண்டும். கடைக்காரரிடம் சொன்னார். கடைக்காரர் என் தங்கையிடம் வந்தார். தன் புருஷன் கை பிடிக்கும் ஸ்டீயரிங்கை அவள் அதுவரை செய்ததில்லை. அன்று மாப்பிள்ளைக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே, தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொன்னார். நான் நட்டை முடுக்கிக் கோடு போட்ட அன்றே வண்டிக்குள் தலையை விட்டு அவரே போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

அவள் ஆரம்பித்தாள். நட்டின் ஒரு மூலையில் எவனோ பழைய மெக்கானிக் உளியால் தட்டிய காயம் இருந்தது, அதையும் ஊசி முனையால் போட்டாள். என் மஞ்சள் கோட்டையும் போட்டாள். ஒற்றை முடியைக் குச்சியில் கட்டி, அதால் இழுத்தாள். "உன் கோடு லேசாக் கோணல், அண்ணா. கை நடுங்குதா?" என்று கேட்டாள். வயசாகிறது என்று சொல்லாமல் சொல்கிறாள். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துக் கடைக்காரர் இன்னொரு கோணத்தில் போட்டோ கேட்டார். நடுவில் இரண்டு நாள் வண்டி பயிற்சி ஓடியிருந்தது. மாப்பிள்ளை மறுபடி எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் மத்தியானம், பட்டறையில் நானும் முதலாளியும் இருக்கும்போது தங்கை வந்தாள். அவள் பட்டறைப் பக்கமே வராதவள். கையில் இரண்டு போட்டோவும் இருந்தன.

"அண்ணா, ரெண்டு போட்டோவுல கோடு ஒண்ணா இல்ல. ரெண்டாவதுல மயிரிழை விலகியிருக்கு. நான் எதைப் பார்த்துச் செய்யறது?"

"போட்டோ எடுத்த கோணம் அப்படி."

"கோணம்னா கம்பியும் சேர்ந்து மாறணும். கம்பி மாறலை."

முதலாளி போட்டோவை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாதபோது மனிதர் சிரித்துவிடுவார். "என்னப்பா, பொம்மைக்கு ஸ்டீயரிங் செய்யற பொண்ணு வந்து சொல்லித்தான் நம்ம வண்டியில நட்டு லூஸுன்னு தெரியணுமா?" என்றார். கேலிதான், விஷமில்லை. ஆனால் பக்கத்துப் பட்டறைக்காரன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனும் சிரித்தான்.

"வீட்டுக்குப் போ," என்றேன் தங்கையிடம். "கடுகுல ஆறு பக்கம் ராவு. என் வேலையை நான் பாத்துக்கறேன்."

அவள் முகம் தொங்கிப் போயிற்று. வாசல் வரை போய்த் திரும்பினாள். "அதை ஒருவாட்டி முடுக்கிடு அண்ணா. ஓட்டறது அவரு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முடுக்கியிருக்கலாம். அந்த நட்டை முடுக்க அளவு காட்டும் பெரிய ரென்ச் வேண்டும். பக்கத்துப் பட்டறைக்காரன் அதை இரவல் வாங்கிப் போயிருந்தான். அவனிடம் போய்க் கேட்டால், "என்ன, தங்கச்சி சொன்ன நட்டா?" என்பான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று நாள் போயிற்று. வியாழக்கிழமை இன்னொரு பயிற்சி ஓட்டம். ஓடிவிட்டு வந்த மாப்பிள்ளை, "மச்சான், பிரேக் புடிக்கும்போது கையில ஏதோ டிக்குனு தட்டுது" என்றார். பழைய வண்டி என்றால் நாலு சத்தம் வரத்தான் செய்யும் என்றேன். அவர் என் பேச்சுக்கு மறுபேச்சு பேசியதே இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். கோடு விலகியிருந்தது. மயிரிழை இல்லை, ஒரு நூல் நன்றாகவே விலகியிருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பார்த்தேன், தெரிந்தது. விரலால் பிடித்துத் திருகினேன், அசையவில்லை. அசையவில்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. தின்னரில் நனைத்த துணியால் பழைய கோட்டைத் துடைத்தேன். புதிதாக ஒரு கோடு இழுத்தேன். கை நடுங்காமல், நேராக, அழகாக. போனில் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். கீழே, "இப்ப நேரா இருக்கா, இன்ஸ்பெக்டர் அம்மா?" என்று எழுதினேன்.

எதைப் பூசி மெழுகினேன் என்று யோசித்துப் பாருங்கள். நட்டு தளர்ந்தால் சொல்வதற்கென்று அந்த வண்டியில் இருந்தது அந்தக் கோடு ஒன்றுதான். அதன் வாயை நானே அடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், பந்தயத்துக்கு முன் வண்டிகளைச் சரிபார்க்கிறவர் உள்ளே எட்டிப் பார்த்தார், கோடு நேராக இருந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவளிடமிருந்து பதில் வரவில்லை. அவளுக்கும் என் ரத்தம்தானே. நான் எழுதியதைப் படித்துவிட்டு, போட்டோவைத் திறக்கவே இல்லை. கோபத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. வெயில் நன்றாக ஏறியிருந்தது. வண்டிகள் வரிசையில் வந்து நின்றுவிட்டன, எங்கள் வண்டி மூன்றாவது வரிசையில். கிளம்ப எவ்வளவு நேரம் என்று அட்டை பிடிக்கிறவர் மூன்று நிமிடம் என்று எழுதிய அட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ஒரு நிமிட அட்டை வந்தால் மெக்கானிக்குகள் எல்லாரும் விலகிவிட வேண்டும். நான் மாப்பிள்ளையின் தோள்வாரை இறுக்கிவிட்டு, தலைக்கவசத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டு, ஓரத்துக்கு வந்து நின்றேன். முதலாளி தன் கூட்டாளிகள் ஏழெட்டுப் பேரோடு அங்கே நின்றிருந்தார். அப்போது போன் அடித்தது.

"அண்ணா, வண்டி எங்க?"

"எங்க இருக்கும்? ரோட்டுலதான்."

"விளையாடாத. நீ அனுப்பினதை இப்பத்தான் அச்சுப் போட்டுப் பார்த்தேன். கோடு நேரா இருக்கு. நட்டு நேரா இல்ல."

"புரியற மாதிரி சொல்லு."

"நட்டு மூலையில உளிக் காயம் இருக்குல்ல? முதல் போட்டோவுல அது பன்னிரண்டு மணிக்கு இருந்துச்சு. இப்ப பதினொன்றரைக்கு இருக்கு. ஸ்டீயரிங் ரெண்டுலயும் நேராத்தான் நிக்குது. நீ முடுக்கியிருந்தா காயம் பழைய இடத்துக்கு வந்திருக்கும். நீ முடுக்கல. கோட்டை அழிச்சுட்டுப் புதுசா வரைஞ்சிருக்க."

வரிசையில் நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

"அது கழட்டற பக்கமா திரும்புது, அண்ணா. வண்டியை நிறுத்து. நிறுத்தறியா?"

"சரி," என்றேன். போனைப் பையில் போட்டேன்.

எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியும். கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் கொடிக்காரர் பார்ப்பார், எல்லாம் நின்றுவிடும். எங்கள் வண்டியை ஓரம் கட்டித் தள்ளுவார்கள். நான் எல்லார் முன்னாலும் அந்த நட்டில் ரென்ச்சை வைக்க வேண்டும். வைத்தால் அது திரும்பும். இரண்டு நாள் முன்னால் போட்ட என் அழகான கோடு எல்லார் கண் முன்னாலும் உடையும். யார் சொல்லித் தெரிந்தது என்று முதலாளி கேட்பார். பக்கத்துப் பட்டறைக்காரனும் அங்கேதான் நின்றிருந்தான். இதையெல்லாம் எண்ணி முடிப்பதற்குள் நேரம் போயிற்று.

நான் நடந்தேன். ஏதோ மறந்துவிட்டதை எடுக்கப் போகிறவன் மாதிரி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நடந்தேன். பக்கத்தில் போய்க் குனிந்து, யாருக்கும் தெரியாமல் மாப்பிள்ளை காதில் சொல்லி, ஒரு கோளாறு என்று வண்டியை அவராகவே ஓரம் கட்டச் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நான் பாதி தூரம் போவதற்குள் ஒரு நிமிட அட்டை வந்துவிட்டது. அட்டைக்காரர் கையை நீட்டி என்னைத் தடுத்தார். என்ன என்று கண்ணாலேயே கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். வண்டிகள் கிளம்பின.

முதல் சுற்று மெதுவாகத்தான் போவார்கள், போய்த் திரும்பவும் வரிசையில் வந்து நிற்பார்கள். வந்து நின்றன. அப்போதும் சொல்லியிருக்கலாம். கொடிக்காரர் எனக்கு எதிரே நின்றிருந்தார். ஒரு சுற்று நன்றாகத்தானே திருப்பினார், இன்றைக்கு ஒருநாள் தாங்கும், முடிந்ததும் முடுக்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். வண்டிகள் பறந்துவிட்டன.

நாலு சுற்று. ஒவ்வொரு முறை அவர் எங்களைக் கடந்து போகும்போதும் அவர் கையைத்தான் பார்த்தேன். ஐந்தாவது சுற்றில், நீளமான நேர்ப் பாதை முடிந்து பிரேக் பிடித்துத் திரும்ப வேண்டிய வளைவில், மற்ற வண்டிகள் எல்லாம் திரும்பின. எங்கள் வண்டி திரும்பவில்லை. அப்போது ஓடினேன். எல்லாருக்கும் முன்னால் ஓடினேன்.

மாப்பிள்ளை பிழைத்துக்கொண்டார். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. இனி வராது என்று பெரிய டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். ஸ்டீயரிங் புல்லில் கிடந்தது. நட்டு கிடைக்கவே இல்லை. தண்டின் நுனி நசுங்கியிருந்ததால் விசாரணை செய்தவர்கள் காரணம் தெரியவில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கோடு நேராக இருந்ததைச் சரிபார்த்தவர் தன் கண்ணால் பார்த்திருந்தாரே.

தங்கை மட்டும் கேட்டாள். ஆஸ்பத்திரி நடையில், இரண்டாவது நாள்.

"நான் போன் பண்ணப்ப வண்டி கிளம்பிடுச்சா, அண்ணா?"

"கிளம்பிடுச்சு."

"நீ சரின்னு சொன்னியே?"

"உன்னை எப்படிச் சமாளிக்கறது? போயிடுச்சுன்னு சொன்னா நீ என்ன ஆவ?"

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். "அப்ப என்னாலதான்," என்றாள். "வெள்ளிக்கிழமையே போட்டோவைத் திறந்து பார்த்திருந்தா... ஒரு பாழாப்போன ரோஷம்." நட்டை முடுக்காமல் விட்ட என்னை அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் ஒருவேளை நான் உடைந்து எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அவள் திட்டவில்லை. தன்னையேதான் திட்டிக்கொண்டாள். நான் அவள் தோளில் கையை வைத்து, அழாதே என்றேன். வெட்கம் கெட்டவன்.

அதற்கப்புறம் ஏழு மாதம். அவள் வேலை செய்யும் இடத்திலேயே இருக்கலாம் என்று மாப்பிள்ளை சக்கர நாற்காலியில் மாடியறைக்கே குடிவந்துவிட்டார். கீழே இறங்க முடியாது, தூக்கித்தான் இறக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் அவளுக்குத் தோல் சீவிக் கொடுக்கக் கற்றுக்கொண்டார். அவர் ஜன்னல் பக்கம், அவள் மேஜைப் பக்கம். நான் வாரம் தவறாமல் போவேன். அவள் இளைத்துப் பாதியாகியிருந்தாள். பேச்சின் நடுவில் திடீரென்று நிறுத்தி, "வெள்ளிக்கிழமை ராத்திரி போனைக் கையில எடுத்தேன், திரும்ப வச்சுட்டேன்" என்பாள். மாப்பிள்ளை உடனே, "விடு, உன் கண்ணு இல்லாட்டி அதுகூடத் தெரிஞ்சிருக்காது" என்பார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போதெல்லாம் அவள் என் சட்டைப் பித்தானைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அவள் என்னை உற்றுப் பார்க்கவில்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

பிறகு முதலாளி ஒருநாள், வண்டிதான் போய்விட்டது, சின்னதாகவாவது இருக்கட்டும், அந்தப் பன்னிரண்டையும் முடிக்கச் சொல் என்று கடைக்காரரிடம் கேட்டாராம். கடைசியாக ஓடிய அன்று இருந்தபடியே வேண்டுமாம். நிறம், எண், ஒட்டியிருந்த தாள்கள் எல்லாம் சரியாக இருக்க வேண்டுமென்று, அன்று பாதையில் படம் எடுத்தவரிடமிருந்து கடைக்காரர் போட்டோக்களை வாங்கிக்கொண்டு போய்த் தங்கையிடம் கொடுத்திருக்கிறார். இதை அவரே என்னிடம் வந்து சொன்னார். "நாப்பது படம். வரிசையில நிக்கறது, கிளம்பறது எல்லாம் இருக்கு. ரொம்பத் தெளிவு" என்றார். கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்க்கிறவள் கையில் நாற்பது படம். அந்த வாரம் நான் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. அப்புறம் அவளே கூப்பிட்டாள். "வா, அண்ணா," என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

படியேறும்போது பிளேடு தோலைச் சீவும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். திரும்பாமலே, "வாங்க மச்சான்" என்றார். மேஜைக்கு எதிரே சுவரில் ஒரே ஒரு போட்டோ ஒட்டியிருந்தது. பெரிதாக, ஒரு கதவில் பாதி அளவுக்கு அச்சுப் போட்டிருந்தாள். மூன்றாவது வரிசையில் எங்கள் வண்டி நிற்கிறது. அட்டைக்காரர் கையில் மூன்று என்று எழுதிய அட்டை. ஓரத்தில் நான். காதில் போன்.

"அந்த நேரத்துல வேற யாராவது உனக்குப் போன் பண்ணாங்களா, அண்ணா?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"இல்ல."

"வண்டியோட நீளம் எனக்குத் தெரியும். அதை வச்சு அளந்து பார்த்தேன். நீ நிக்கற இடத்துலேருந்து வண்டி முப்பதடி." பித்தளை ஸ்கேலைப் படத்தின் மேல் வைத்துக் காட்டினாள். எனக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்று விளக்கையும் இழுத்துப் பிடித்தாள். "மூணு நிமிஷம். முப்பதடி. ஏழு மாசமா நான் லேட்டாப் பார்த்தேன்னு நினைச்சுட்டிருந்தேன்."

நான் நின்றுகொண்டே இருந்தேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"ஒண்ணு மட்டும் போட்டோவுல தெரியல, நீ சொல்லு," என்றாள். "அந்த முப்பதடி ஓடினியா, நடந்தியா?"

பொய் ஒன்று நாக்கு நுனிக்கு வந்தது. நாற்பது படத்தில் அடுத்த படம் எது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பயந்து நான் உண்மையைச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். ஏழு மாதம் அவள் தூங்கவில்லை.

"நடந்தேன்," என்றேன்.

பிளேடு சத்தம் நின்றது. மாப்பிள்ளை நாற்காலியின் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினார். அந்த இடுக்கில் அது ஒரே வீச்சில் திரும்பாது. முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று மூன்று தடவை தள்ளி என் பக்கம் திரும்பினார். கோபமே இல்லாமல், புரியாத ஒன்றைக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஏன் மச்சான்?"

"எல்லாரும் பாத்துட்டிருந்தாங்க, மாப்ள," என்றேன்.